அப்பாவைத் தோட்டத்து வீட்டிலிருந்து கிள்ளானுக்குக் கூட்டி வரலாமா?

கேள்வி, 3 மார்ச் 2025

அப்பாவுக்கு 76 வயது. பேராக், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோராக (கங்காணியாக) இருந்தவர். அம்மா இறந்து இரண்டு வருடம். தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) தனியாக இருக்கிறார். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. போன மாதம் அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். பாத்திரம் கருகி, பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து கேஸை அடைத்திருக்கிறார். நான் கிள்ளானில், பதினாலாவது மாடி. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். கூட்டி வந்து வைத்துக்கொள்வதுதான் மகனுக்கு அழகு என்கிறார் மாமா. அப்பா வர மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

3 மார்ச், இரவு 10.40

கூட்டிப் போகாதீர்கள்.

நானும் சுங்கை சிப்புட்தான். மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். என் அம்மாவுக்கு 81. முப்பத்தோரு வருடம் கித்தா மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் பால் எடுத்தவர். 2019இல் அண்ணன் வந்து, "நீயே எத்தனை நாளைக்குப் பார்ப்ப, கொஞ்ச நாள் நான் வச்சிக்கிறேன்" என்று ஷா ஆலமுக்குக் கூட்டிப் போனார். ஏழாவது மாடி. காலை ஏழு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட்டால் இரவு வரை அம்மாவும் தொலைக்காட்சியும்தான். போகும்போது 52 கிலோ. நாலு மாதம் கழித்து நான் போய் அழைத்து வந்தபோது 44. பேச்சு கோர்வையாக இல்லை. என்னை என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மண்ணில் இருந்ததைப் பிடுங்கித் தொட்டியில் வைத்தால் அப்படித்தான்.

4 மார்ச்

"அப்படியானால் தனியாக விட்டு எரிய விடுவதா?" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். நியாயம். நேற்று கை ஓடிய வேகத்தில் பாதியைத்தான் எழுதினேன்.

தண்ணீர் கொதித்ததும் தானே நிற்கும் மின்கெண்டி வாங்கிக் கொடுங்கள். சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும். கேஸை அடைத்த அந்த மனிதருக்கு ஒரு கிலோ ஆப்பிளோடு போய் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் அப்பாவின் பாதுகாப்பு இன்றைக்கு அவர் கையில்தான் இருக்கிறது.

அப்புறம் அப்பாவை அரசாங்க கிளினிக்கில் காட்டி, மறதிக்கான பரிசோதனை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். ஒரு கருகிய பாத்திரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் "வயசாச்சு, மறக்கத்தான் செய்யும்" என்று நாங்கள் மூன்று வருடம் தள்ளியதுபோல் தள்ளாதீர்கள். 2018இல் மலேசியச் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், 60 தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று தெரிந்தது. அந்த வயதில் நூறு பேர் வரும் கோயில் அன்னதானப் பந்தியில் எட்டொன்பது இலை. சர்க்கரை முற்றினாலும் குறைந்தாலும்கூடப் புத்தி தடுமாறும். எது என்று பார்த்தால்தான் தெரியும்.

9 மார்ச்

இன்று கக்கூஸ் பற்றி. முகம் சுளிப்பவர்கள் அடுத்த குறிப்புக்குப் போகலாம்.

தாமான் வீடுகளில் குளியலறை சமையலறையைவிட ஒரு படி தாழ்ந்திருக்கும். அந்த நாலு அங்குலம்தான் எமன். முன்பு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் இருபதடி தள்ளி இருந்தது, இரவில் டார்ச் அடித்துக்கொண்டு போவோம், யாரும் விழுந்ததாக ஞாபகம் இல்லை. (பொய். மூணாம் நம்பர் வீட்டுத் தாத்தா விழுந்தார். நாங்கள் சிரித்தோம்.)

அம்மாவுக்காக நானே பைப்பு வெல்டிங் செய்து கைப்பிடி மாட்டினேன். பட்டறைக்காரன் என்ற திமிர். மாட்டி முடித்ததும் அம்மா அதை அண்ணாந்து பார்த்தார். என் உயரத்துக்கு அளந்து மாட்டியிருக்கிறேன்! அம்மா நாலடி பத்து அங்குலம். கழற்றி மறுபடி மாட்டினால், ஈரக்கையில் சோப்போடு பிடிக்கும்போது வழுக்கியது. கடைசியில் மோட்டார் சைக்கிள் ஹேண்டில் ரப்பர் நாலை எடுத்து வரிசையாகச் செருகினேன். ஏழு வருடமாக அசையவில்லை. சுவரில் ஆணி அடிப்பதற்கு முன் அவரை உட்கார வைத்து, எழுந்திருக்கும்போது கை எங்கே போகிறது என்று பாருங்கள். கை போகும் இடத்தில் மாட்டுங்கள்.

படுக்கைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு சின்ன விளக்கு இரவு முழுக்க எரியட்டும். மின்கட்டணம் பற்றி அப்பா முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

22 மார்ச்

பணம். மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள்.

அம்மா 55 வயதில் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை மொத்தமாக எடுத்தார். வீட்டுக்கு முன்பணம், அண்ணன் கல்யாணம், எனக்கு ஒரு வெல்டிங் மிஷின். ஒரே வருடத்தில் தீர்ந்தது. குறை சொல்லவில்லை, நானும் அதில் சாப்பிட்டவன்தான். ஆனால் பணம் இன்னும் வாரியத்தில் இருக்கிறவர்கள் அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை. 100 வயது வரை லாபஈவு கொடுக்கிறார்கள்.

சமூகநலத் துறையில் முதியோர் உதவித்தொகை உண்டு, மாதம் 500. 60 வயது ஆகியிருக்க வேண்டும், குடியுரிமை வேண்டும், பிள்ளைகளால் தாங்க முடியாத நிலை என்று காட்ட வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வேறு ஒரு தொகை, அதற்கும் வருமான வரம்பு இருக்கிறது. எங்கள் வரிசையில் ஒரு பாட்டி, இங்கேயே பிறந்தவர், சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி. அவருக்கு எதுவும் கிடையாது. அவர் வெட்டிய மரத்திலும் வெள்ளைப் பால்தான் வந்தது என்று ஒருநாள் சமூகநல அலுவலகத்தில் மேசையைத் தட்டிவிட்டு வந்தேன். எதுவும் நடக்கவில்லை.

அரசாங்க முதியோர் இல்லம் பற்றி. ரூமா ஸ்ரீ கெனாங்கான், வாரிசு இல்லாதவர்களுக்கானது. தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடியவராகவும் இருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு நீங்கள் இருக்கிறீர்கள், அதனால் அங்கே இடமில்லை. பேராக்கில் ஒன்று தைப்பிங், இன்னொன்று தஞ்சோங் ரம்புத்தான். அண்ணன் ஒருதடவை விவரம் தெரியாமல் அம்மாவிடம், "தஞ்சோங் ரம்புத்தான்ல நல்ல இடம் இருக்காம்மா" என்று சொல்லிவிட்டார். பேராக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு: 1911இலிருந்து மனநல மருத்துவமனை இருக்கும் ஊர். சின்ன வயதில் நாங்கள் சேட்டை செய்தால் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டியதே அம்மாதான். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

23 மார்ச்

திருத்தம்: உதவித்தொகை இந்த வருடத்திலிருந்து 600. நேற்று எழுதியது பழைய கணக்கு. சுட்டிக்காட்டியவருக்கு ஒரு தே தாரிக் கடன்.

11 ஏப்ரல்

கிள்ளான்காரரே, எங்கே வைத்துக்கொள்வது என்று ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். அப்பாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கும்போதே காகித வேலையை முடியுங்கள். இந்த வாரமே.

எங்கள் கதை இது. வீடு அம்மா பெயரில் இருக்கிறது. 2022இல் கூரை ஒழுகி, சுவர் பூசணம் பிடித்து, இதை விற்றுவிட்டு மாடி இல்லாத நல்ல வீடாகப் பார்க்கலாம் என்று பிள்ளைகள் மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். (மூன்று பேரும் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.) வழக்கறிஞரிடம் போனோம். அவர் அம்மாவிடம் இரண்டு கேள்வி கேட்டார். இது என்ன வருடம்? அம்மா யோசித்துவிட்டு, "தொரைகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். இது யார் வீடு? "தோட்டத்து வீடு." அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அம்மா எனக்கு எப்போதோ பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று நினைத்தேன். அதுவும் இல்லையாம். இங்கே எழுதிக் கொடுத்தவர் புத்தி தெளிவை இழந்தால் அந்தப் பத்திரம் செல்லாது. சிங்கப்பூரில் அதற்கென்றே தனிப் பத்திரம் 2010 முதல் இருக்கிறது, புத்தி போன பிறகுதான் அதற்கு உயிரே வரும். நம்மிடம் அப்படி ஒன்று கிடையாது. 2001 மனநலச் சட்டப்படி உயர் நீதிமன்றத்துக்குப் போய், மருத்துவர் சான்று வைத்து, சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆளை நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆகும் செலவைக் கேட்டேன். அந்தத் தொகைக்குப் பழைய இஎக்ஸ் ஃபைவ் மோட்டார் சைக்கிள் நாலு வாங்கி, பெயிண்ட் அடித்து, விற்று லாபமும் பார்க்கலாம். கூரை இன்னும் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறோம்.

வங்கி இன்னொரு கூத்து. உதவிப்பணம் எடுக்க அம்மா பெருவிரல் வைக்க வேண்டும். விரலில் ரேகையே இல்லை. முப்பத்தோரு வருடம் உளி பிடித்த கை, ஒட்டுப்பால் உருவிய கை. தொட்டால் பழைய செருப்பின் அடிப்பக்கம் மாதிரி வழவழவென்று இருக்கும். முகப்பில் இருந்த பெண் ஈரத்தாளால் துடைத்து வலது, இடது, மறுபடி வலது என்று வைத்துப் பார்த்தாள். பின்னால் வரிசை நீண்டது. அம்மா எல்லோர் முன்னாலும் சத்தமாக, "கை சுத்தமாத்தான் இருக்கு, நான் திருடி இல்ல" என்று சொல்லிவிட்டார். வரிசை அப்படியே அமைதியாகிவிட்டது. மேலாளர் வந்து ஏதோ பாரத்தில் எழுதி எடுத்துக் கொடுத்தார். அடுத்த மாதம் மறுபடி அதே கூத்து.

அதனால், அப்பா கணக்கை இப்போதே கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், யார் ஒருவர் கையெழுத்தும் போதும் என்ற வகையில். உடன்பிறந்தவர்கள் சந்தேகப்படுவார்களே என்றால், மாதம் ஒருதடவை கணக்குப் புத்தகத்தைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுங்கள். நான் போடுகிறேன். யாரும் பார்ப்பதில்லை, ஆனால் போடாத மாதம் உடனே போன் வரும்.

12 ஏப்ரல்

விட்டுப் போனது: ஈபிஎஃப்பில் நியமனதாரர் யார் என்று அப்பாவைக் கேளுங்கள். முஸ்லிம் அல்லாதவர் என்றால் நியமிக்கப்பட்டவருக்கே அந்தப் பணம் போய்ச் சேரும். பலரும் கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயரை மாற்றியிருப்பதில்லை. உங்கள் அப்பா, அம்மாவின் பெயரை எழுதியிருந்தால், அவர்தான் இப்போது இல்லையே.

டிரங்குப் பெட்டியையும் பாருங்கள். அம்மா பெட்டியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குத்தாள் ஒன்று, கல்யாணப் புடவைக்கு அடியில். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் நம்ம ஊர் அமைச்சர் சம்பந்தன் ஆரம்பித்தது. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டியிருக்கிறார். கட்டியது எங்கள் யாருக்குமே தெரியாது.

2 மே

ஆண்பிள்ளை அம்மாவைக் குளிப்பாட்டலாமா என்று தயங்கித் தயங்கி ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தம்பி, நானும் தயங்கினேன்.

முதலில் என் மனைவிதான். 2021 கடைசியில் அவருக்குக் கொரோனா வந்து தனியறைக்குப் போனார். அம்மா மூன்று நாள் அதே புடவையில். நாலாம் நாள் நாற்றம் தாங்காமல் நானே கூட்டிப்போனேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தபடி தண்ணீர் ஊற்றினேன். பாதி தரையில். அம்மாவுக்குக் குளிர்ந்து, "யாருடா நீ!" என்று ஒரு அறை விட்டார். நல்ல அறை, உளி பிடித்த கை.

பிறகு கிளினிக்கில் ஒரு மிசி (தாதி) சொல்லிக் கொடுத்தார். முழுசாக அவிழ்க்காதே. கைலியை மார்பு வரை கட்டிவிட்டு, அதன் மேலேயே வெந்நீர் ஊற்று, ஆற்றங்கரையில் குளிக்கிற மாதிரி. தோட்டத்துக் குழாயடியில் அம்மா வாழ்நாள் முழுக்க அப்படித்தானே குளித்தார்! சோப்பை அவர் கையில் கொடு, முதுகும் காலும் மட்டும் நீ பார். அன்றைக்கு அம்மா சண்டை போடவில்லை. குழாயடி என்றே நினைத்துவிட்டார் போல, பக்கத்தில் இல்லாத யாரிடமோ, "அடுத்த குடம் என்னுது" என்றார்.

இன்னொன்று. மறதி முற்றியவர்கள் விடியற்காலையில் எழுந்து நடமாடுவார்கள். அம்மா நாலு, நாலேகாலுக்கு எழுந்து நெற்றி விளக்கைத் தேடுவார், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக. "பெரட்டுக்கு நேரமாச்சு, மண்டோர் பேர் கூப்பிட்டுடுவான்." தோட்டம் செம்பனைக்கு மாறி இருபது வருடம் ஆகிறது, லயத்தை இடித்தாயிற்று, நீங்கள் ஓய்வு பெற்றாயிற்று என்று நான் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி வாதாடுவேன். அம்மா அழுவார். அவருக்கு ஒவ்வொரு விடியலிலும் வேலை போகிறது, தோட்டம் போகிறது. செய்தி சொல்கிறவன் நான். ஆறு மாதம் இப்படிப் படுத்தினேன் அவரை.

ஒருநாள் உண்மையிலேயே மழை. தூக்கக் கலக்கத்தில், "மழை பேயுதும்மா, மரமெல்லாம் ஈரம், இன்னைக்குப் பெரட்டு இல்ல" என்றேன். அம்மா, "அப்படியா" என்று போய்ப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் மழை.

3 மே

அம்மாவிடம் பொய் சொல்வது சரியா என்று கேட்டவருக்கு: அவர் என்னிடம் பல் முளைக்கும்வரை நிலா சோறு சாப்பிட வரும் என்று சொன்னவர். கணக்குச் சரியாகிவிட்டது.

14 ஜூன்

கிள்ளான்காரர் எழுதியிருக்கிறார்: அப்பாவைப் பரிசோதித்தாயிற்று, ஆரம்பக்கட்ட மறதி, வங்கி வேலையும் நியமனதாரர் வேலையும் முடிந்தது. நல்லது. நாங்கள் மூன்று வருடத்தில் செய்யாததை மூன்று மாதத்தில் செய்துவிட்டார்.

அண்ணன் காசு தருவதில்லை, வழக்குப் போடலாமா என்று இன்னொருவர். சிங்கப்பூரில் 1995இல் அதற்குச் சட்டம் கொண்டு வந்தார்கள். இங்கே இல்லை. என் அக்கா சிங்கப்பூரில்தான் வேலை செய்கிறார், அவரைக் கேட்டால் "நீ இங்க வந்து கேஸ் போடு, நான் அங்க வந்து தங்கிக்கிறேன்" என்கிறார். வரி கட்டும் அண்ணனாக இருந்தால் வேறு வழி இருக்கிறது. பெற்றோர் மருத்துவச் செலவுக்கு வருடம் 8,000 வெள்ளி வரை வரிக்கழிவு உண்டு. கையில் காசாகக் கேட்காதீர்கள், மருந்து ரசீதை அவர் பெயரில் போடச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் அண்ணன் கணக்கர். ரசீது என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

யாரும் கேட்காததை நான் சொல்கிறேன். பார்த்துக்கொள்கிறவரைப் பற்றி. என் மனைவி தையல் வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. அவருக்கு ஈபிஎஃப் இல்லை, சம்பளம் இல்லை, முதுகுவலி மட்டும் உண்டு. அம்மாவைத் தூக்கும்போது பிடித்தது. இல்லத்தரசிகளுக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) திட்டம் 2022 டிசம்பரில் வந்தது, வருடம் 120 வெள்ளி, 55 வயதுக்குள் சேர வேண்டும். வீட்டுவேலையில் அடிபட்டால் அதற்குள் வரும். சேர்த்துவிட்டேன். எனக்கும் சொந்தத் தொழில் என்பதால் ஈபிஎஃப்பில் தானாகக் கட்டும் ஐ-சாரான் இருக்கிறது. கட்டுவதில் 20 விழுக்காடு, வருடத்துக்கு அதிகபட்சம் 500 வெள்ளி அரசாங்கம் போடுகிறது. 60 வயது வரைதான்.

பணிப்பெண் வைக்கலாமே என்றால், இந்தோனேசியாவோடு 2022இல் போட்ட ஒப்பந்தப்படி குறைந்த சம்பளமே 1,500. ஏஜெண்டு கட்டணம் தனி. எங்களுக்குக் கட்டாது. அண்ணனுக்குக் கட்டும். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவிக்கு வந்தது. அன்றைக்கு நான் பட்டறையில் ரொம்ப வேலை இருப்பதுபோல் இருந்துவிட்டேன்.

19 ஜூலை

முதல் குறிப்பில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அந்தத் தொட்டிச்செடி வசனத்தையும் சேர்த்து.

நேற்று அம்மா அலமாரியை ஒழித்தோம், கரையான். பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையில் 2019இல் ஷா ஆலமிலிருந்து வந்த மருந்து மிச்சம். உறைகளின் மேல் அண்ணி தன் கையால் மணி எழுதி ஒட்டியிருக்கிறார், அழகான எழுத்து. நீர் பிரியும் மாத்திரை: காலை 6.30, இரவு 9.

இங்கே அம்மா அதைக் காலையிலும், பகல் சோற்றுக்குப் பிறகும் போடுவார். தோட்டத்துப் பழக்கம், வேலை விட்டு வந்ததும் இரண்டாவது. அங்கே பகலில் கொடுக்க ஆள் இல்லை. அண்ணி வேலையிலிருந்து வந்ததும் ஞாபகமாகக் கொடுத்திருக்கிறார். இன்று காலை கிளினிக் மருந்தகத்தில் உறையைக் காட்டிக் கேட்டேன். இரண்டாம் வேளையைப் பிற்பகலுக்குள் கொடுத்துவிட வேண்டும், இரவில் கொடுத்தால் விடிய விடிய எழுந்து போக வேண்டியிருக்கும் என்றார் மருந்தாளர்.

இப்போது யோசிக்கிறேன். புது வீடு, இருட்டு, எந்தக் கதவு எது என்று தெரியாது. இரவில் நாலு தடவை. மருமகளை எழுப்பக் கூச்சம். என்ன செய்திருப்பார்? தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருப்பார். அம்மா அப்படித்தான், பேருந்துப் பயணம் என்றால் முந்தின நாளே தண்ணீரை நிறுத்துகிறவர். மாத்திரை ஒரு பக்கம் நீரை இறக்க, இவர் குடிக்காமல் இருக்க, தூக்கமும் இல்லாமல், நாலு மாதம். வயதானவர்களுக்கு உடம்பில் நீர் வற்றினால் புத்தி தடுமாறும், பசி போகும். திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் தேறினார் என்பதும் இப்போது ஞாபகம் வருகிறது. அன்றைக்கு அதை "சொந்த மண்ணு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறதி அதற்கு முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும், அதை மாத்திரையின் மேல் போட முடியாது. ஆனால் ஆறு வருடம் அண்ணி மேல் போட்டேனே. வாய்விட்டுச் சொன்னதில்லை. தீபாவளிக்கு வந்தால் டீ கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவேன். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஆகவே கிள்ளான்காரரே, கூட்டிப் போகலாம். பதினாலாவது மாடியால் ஒன்றும் கெட்டுவிடாது. பகல் இரண்டு மணிக்கு வீட்டில் யார் இருப்பார் என்று மட்டும் சொல்லுங்கள்.

20 ஜூலை

அண்ணிக்குப் போன் செய்தேன். மாத்திரை விஷயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கரையானில் ஆரம்பித்துக் கூரைக்குப் போய் மழைக்குப் போய் வைத்துவிட்டேன். உறையைப் படம் எடுத்து அனுப்பலாமா என்று நினைத்தேன். அனுப்பவில்லை. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. தீபாவளிக்கு நாலு நாள் தங்குகிற மாதிரி வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

6 செப்டம்பர்

அரசாங்கம் அடையாள அட்டையில் பெரியவர்கள் எல்லோருக்கும் நூறு வெள்ளி போட்டிருக்கிறதே, அம்மா அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அரிசி, முட்டை. வீட்டுக்கு வந்து, "உங்க காசுல வாங்கினதும்மா" என்றேன். அம்மா முட்டையை எண்ணினார். முப்பது. மறுபடி எண்ணினார். "சம்பளம் போட்டாச்சா? கிராணி கழிச்சுட்டானா?" கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. முழுசாகக் கொடுத்துவிட்டான் என்றேன். நம்பவில்லை. எந்தக் கிராணியும் முழுசாகக் கொடுத்ததில்லையாம்.

கிள்ளான்காரர் செய்தி: அப்பா ஒரு மாதம் சோதனைக்கு வந்து தங்கியிருக்கிறார். பகலில் பக்கத்து மாடியில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை இரண்டு மணிக்கு வந்து பார்த்து, மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார், அதற்குச் சம்பளம் பேசியிருக்கிறார். ஊரில் வீட்டை விற்கவில்லை, பூட்டி வைத்திருக்கிறார். அப்பா தினமும் சாவியைக் கேட்கிறாராம். சாவியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். சட்டைப்பையில் கிடக்கட்டும்.

22 அக்டோபர்

அண்ணனும் அண்ணியும் சனிக்கிழமை வந்து நேற்று மாலைதான் கிளம்பினார்கள். மூன்று இரவும் அம்மா அறையில் அண்ணன் படுத்தார், கேட்டு வாங்கிக்கொண்டு. என் மனைவி மூன்று இரவும் தொடர்ந்து தூங்கினார். எனக்குத் தெரிந்து ஆறு வருடத்தில் முதல்தடவை.

தீபாவளி அன்று விடியல் நாலரை. சத்தம் கேட்டுப் போனேன். அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அண்ணன் சொல்கிறார், "இன்னைக்குத் தீபாவளிம்மா, தோட்டம் லீவு." அம்மா, "லீவு நாள்ல வெட்டுனா ரெட்டைச் சம்பளம்டா, கூறு கெட்டவனே, எந்திரிச்சு உளிய எடு." அண்ணன் என்னைப் பார்த்தார். முப்பது வருடம் கணக்கு எழுதியவரிடம் அதற்குப் பதில் இல்லை.

மழை என்று சொல்லுங்கள் என்று சைகை காட்டினேன். சொன்னார். அம்மா நேராக ஜன்னலுக்குப் போய்க் கையை வெளியே நீட்டிப் பார்த்தார். காய்ந்த கை. "எங்கடா மழை?"

நான் ஏதாவது சொல்வதற்குள் அண்ணன் பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் மோட்டார் கழுவும் குழாயை எடுத்து, முற்றத்துத் தகரக் கூரை மேல் பீய்ச்சி அடித்தார். படபடவென்று ஒரே சத்தம். பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிட்டது. அண்ணி சமையலறை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். துண்டை அவிழ்த்தார்.

"நல்ல மழைதான். அண்ணனை உள்ள வரச் சொல்லு, நனையிறான்."